நாத்துக்கு ஓரடி மணல்

நாற்பத்தொன்று. பதினேழு வருடத்தில் அவள் மணல் தேர்ந்தெடுத்துக் கொடுத்த கடல்நீர்த் தொட்டிகளின் எண்ணிக்கை அது. நாற்பது சரியாக அமைந்தன. ஒன்றில் தவறு நேர்ந்தது. அதிலிருந்த பன்னிரண்டு உயிர்களில் ஒன்பது ஒரே வாரத்தில் செத்துப்போயின. கடல்காட்சிக் கூடத்தில் கூட வேலை செய்கிறவர்கள் அந்த நாற்பதைப் பற்றிப் பேசுவார்கள். ஒன்பதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை.

அடையாள அட்டையில் 'நீர்வாழ் உயிரின முதுநிலைப் பராமரிப்பாளர்' என்று போட்டிருக்கிறது. அதை முழுதாகச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் மூச்சு கிடையாது. மேலாளர் முதல் வாசலில் சீட்டுக் கிழிப்பவர் வரை எல்லோருக்கும் அவள் மணலக்கா. வயது நாற்பத்தொன்பது. வலது கை விரல் நுனிகள் உப்பில் ஊறி ஊறி வெளுத்திருக்கும். எந்த மணலைப் பார்த்தாலும், அது சாலையோரம் கொட்டிக் கிடக்கிற கட்டட மணலாக இருந்தாலும், ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்காமல் அவளால் தாண்டிப் போக முடியாது.

நாற்பத்திரண்டாவது தொட்டி புதிய கட்டடத்தில் இருந்தது. இருபதடி நீளம், பத்தடி அகலம், ஏழடி உயரம். உள்ளே பாறைகள் அடிக்கண்ணாடியின் மேலேயே நேராக உட்கார்ந்திருந்தன. மணலைப் போட்டு அதன்மேல் பாறையை வைத்தால், மண்ணைத் தோண்டுகிற மீன் ஏதாவது ஒருநாள் அடியில் புகுந்து மொத்தத்தையும் சரித்துவிடும். பாறைகளில் அறுநூறுக்கு மேல் உயிர்ப்பவளங்கள், இரண்டு மாதமாக வெறும் தரைமேல் வளர்ந்துகொண்டிருந்தன. தொட்டியின் ஓரத்தில், பத்தடிக்கு ஆறடியில், ஒரு பக்க அறை. இரண்டு குழாய்கள் அதைப் பெரிய தொட்டியோடு இணைத்தன. குழாய்க்கு ஒரு வால்வு. மூடினால் இரண்டும் தனித்தனி நீர்.

அந்தப் பக்க அறை நாத்துகளுக்காகக் கட்டப்பட்டது. புத்தகத்தில் அவற்றின் பெயர் தோட்ட விலாங்கு. பென்சில் தடிமன், ஒன்றரை அடி நீளம். உடம்பில் முக்கால் பங்கு மணலுக்குள் இருக்கும். தலையை மட்டும் வெளியே நீட்டி, நீரோட்டத்தில் வருகிற தீனியைக் கொத்திக்கொண்டு, கூட்டமாக ஆடிக்கொண்டு நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் நட்ட நாற்று காற்றில் அசைவது போல இருக்கும். அதனால் கூடத்தில் அவை நாத்து. மொத்தம் முப்பத்தொன்று. ஒரு நாத்துக்கு வேண்டியது ஓரடி ஆழ மணல், அதில் இடிந்து விழாத ஒரு துளை. துளை நிற்காவிட்டால் அது தீனி எடுக்காது. கண்ணாடியில் முட்டிக்கொண்டு அலையும். நான்கைந்து நாளில் முடிந்துவிடும். நாற்பத்தொன்றில் தவறிப்போன அந்த ஒரு தொட்டியில் இருந்தவையும் நாத்துகள்தான்.

ஆகவே இந்தத் தடவை அவள் நான்கு மாதம் எடுத்துக்கொண்டாள். பதினொரு வகை மணலைத் தட்டுகளில் பரப்பினாள். ஒவ்வொன்றிலும் வினிகர் விட்டாள். பொங்கினால் கடல் சுண்ணாம்பு, பொங்காவிட்டால் கண்ணாடிக்கல் மணல், வெளியே போ. காந்தத்தை ஓட்டினாள். கரும்பொடி ஒட்டினால் அதுவும் வெளியே, பம்புக்குள் போய்ச் சிக்கும். கடைசியில் மிஞ்சிய நான்கையும் கண்ணாடிக் குவளையில் உப்புநீரோடு இட்டு, பென்சிலைக் குத்தி உருவி, துளை இடிகிறவரை எண்ணினாள். ஐந்து எண்ணுவதற்குள் இடிந்தால் நாத்துக்கு ஆகாது.

பவளங்களைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு இந்த எண்ணிக்கையில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. முப்பத்தெட்டு வயது. பவளத்துக்கு விளக்கு போதவில்லை என்று வருடம் முழுக்கப் புலம்பியதில் அவனுக்கு லைட்டு என்றே பெயர் விழுந்துவிட்டது.

"அக்கா, என் பவளத்துக்குப் புயல் மாதிரி தண்ணி ஓடணும். நீங்க மாவு மாதிரி மணலப் போட்டா, அது எழும்பிப் பறந்து எல்லாத்தையும் மூடிடும். ஒரே வாரத்துல தொட்டியே மோர்ப்பானை ஆயிடும்."

"கல்லு மாதிரி போட்டா அடியில அழுக்கு தங்கும். அப்புறம் உன் பவளம்தான் முதல்ல வெளுக்கும். போய் விளக்கத் துடை."

கடைசியில் இருவரும் ஒத்துக்கொண்டது ஒன்பதாம் எண் தட்டு. சர்க்கரை அளவு மணியும் பொடியுப்பு அளவு மணியும் கலந்தது. பெரியது கீழே இருத்திப் பிடிக்கும், சின்னது இடுக்கை அடைக்கும். பென்சில் துளை ஒன்பது எண்ணும்வரை நின்றது. நூற்று எண்பது மூட்டை வந்து இறங்கியது.

வெள்ளிக்கிழமை மணலைக் கழுவத் தொடங்க வேண்டும். வியாழக்கிழமை பழைய கட்டடத்தில் நாத்துகளின் தொட்டி ஒழுக ஆரம்பித்தது. முன்கண்ணாடியின் இடது கீழ்மூலையில் எட்டு வருடத்துப் பசை விட்டிருந்தது. கண்ணாடிக்காரர் வந்து, குனிந்து பார்த்து, உச்சுக்கொட்டினார்.

"அடுத்த வெள்ளி வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல நான் பொறுப்பில்ல."

மூன்று நாள் அவள் அந்த மூலையை விட்டு நகரவில்லை. துணி வைத்தாள், வாளி வைத்தாள், குறைந்த நீருக்குப் புதுநீர் ஊற்றினாள். மணல் கழுவும் வேலையை முதல்முறையாக வேறு ஆட்களிடம் விட்டாள். துப்புரவுப் பிரிவிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஆறடிக்கு ஓரங்குலம் குறைவு, அவளை எல்லோரும் நெட்டை என்பார்கள். முற்றத்துச் சுவரில் மணலக்கா ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனாள். அதில் ஒரே வரி: 'தண்ணீர் தெளியும்வரை கழுவவும்.'

திங்கள்கிழமை காலை அவள் முற்றத்துக்கு வந்தபோது நூற்று எழுபத்தொன்பது மூட்டை கழுவி முடிந்து, பெரிய தொட்டிகளில் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடந்தது. ஒரு மூட்டை மட்டும் பிரிக்கப்படாமல் ஓரத்தில் இருந்தது. நெட்டை ஒரு வாளியில் மணலையும் நீரையும் கலக்கிக் காட்டினாள். நீர் கண்ணாடியாக இருந்தது.

"பாத்தீங்களா? குடிக்கலாம்."

மணலக்கா சிரித்துக்கொண்டே இடுப்புப் பையிலிருந்து பென்சிலை எடுத்தாள். குத்தினாள். உருவினாள். ஒன்று. இரண்டு. துளை சரிந்து மூடிக்கொண்டது.

வேறு குவியலில் குத்தினாள். இரண்டு. இன்னொன்றில். இரண்டுகூட இல்லை.

அவள் முகத்தில் சிரிப்பு எப்போது போனது என்று நெட்டைக்குத் தெரியவில்லை. "என்னக்கா?"

"மணல் மாறி வந்திருக்கு."

பிரிக்காத மூட்டையைக் கிழித்தாள். ஒரு குவளை மணல், உப்புநீர், பென்சில். ஏழு, எட்டு, ஒன்பது. துளை நின்றது. மணல் மாறவில்லை. அதே மணல்தான். அவள் இரண்டு கைகளிலும் இரண்டு மணலை எடுத்துத் தேய்த்தாள். பிரிக்காத மூட்டையின் மணலில் ஒரு மென்மை விரலோடு ஒட்டியது. கழுவியதில் சர்க்கரை மணி மட்டும் இருந்தது. பொடியுப்பு மணி ஒன்றுகூட இல்லை.

"எப்படிக் கழுவினீங்க?"

"ஹோஸ் போட்டுத்தான். கலக்குவோம், கலங்கல் வழிஞ்சு போகும், மறுபடி கலக்குவோம். ஒரு தொட்டிக்கு இருபது இருபத்தஞ்சு தடவ. நீங்கதானே தெளியிற வரைக்கும்னு எழுதியிருந்தீங்க? நாங்க தெளிய வெச்சோம்."

மணலக்கா சுவரில் ஒட்டியிருந்த தாளைத் திரும்பிப் பார்த்தாள். பதினேழு வருடமாகத் தன் கையால்தான் கழுவியிருக்கிறாள். வாயில் எப்போதும் தெளியும்வரை என்றுதான் சொல்லுவாள், ஆனால் கை ஒருபோதும் தெளியவிட்டதில்லை. அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீர் மாதிரி லேசான வெண்மை இருக்கும்போதே கை தானாக நின்றுவிடும். அது தனக்கே தெரியாமல் நடந்துகொண்டிருந்தது என்பது இப்போதுதான் தெரிந்தது. வேலையைக் கையில் வைத்துக்கொண்டு, வாயில் இருந்ததை எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

மேலாளர் பதினொரு மணிக்கு வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, எதையும் நின்றபடியே கேட்பவர். சனிக்கிழமை புதிய கட்டடத் திறப்பு. இரண்டாயிரம் பேருக்கு அழைப்பு போயிருந்தது. கேட்டு முடித்ததும் முற்றத்தின் கோடியில் நின்ற நெட்டையைப் பார்த்தார்.

"இத யார் கழுவினது?"

"அவங்க தப்பு இல்ல மேடம். நான் எழுதிக் கொடுத்தது தப்பு. தாள் இன்னும் சுவத்துலதான் இருக்கு, பாருங்க."

மேலாளர் தாளைப் பார்க்கவில்லை. "மறுபடி மணல் வரவழைக்க எத்தன நாள்?"

"மூணு வாரம்."

"பழைய தொட்டி?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும்."

"அப்ப அந்த முப்பத்தொண்ணும்?"

"அதத்தான் மேடம் யோசிக்கிறேன்."

"சீக்கிரம் யோசிங்க," என்று சொல்லிவிட்டு மேலாளர் போனார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று மணலக்காவுக்குத் தோன்றியது.

லைட்டு வந்து, கழுவிய மணலை அள்ளிப் பார்த்து, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னான்: "எனக்கு இது பிடிச்சிருக்குக்கா. பறக்காது."

"உனக்குப் பிடிக்கும். எடுத்துக்க. பெரிய தொட்டிக்கு இதுவே போதும்."

"நாத்துக்கு?"

போன மணல் எங்கே போயிருக்கும் என்று அவள் அதற்குள் யோசித்துவிட்டிருந்தாள். முற்றத்து வடிகால் நேரே சாக்கடைக்குப் போகாது, சுவரோரம் ஒரு வண்டல் குழியில் விழும். இருவரும் மூடியைத் தூக்கினார்கள். உள்ளே வெண்ணெய் மாதிரி, முழங்கால் ஆழத்துக்கு, அவள் தேர்ந்தெடுத்த பொடிமணல் படிந்திருந்தது. லைட்டு விசிலடித்தான். அவள் ஒரு கை அள்ளி முகர்ந்தாள். தரை துடைக்கிற ஃபினாயில் வாடை. துடைக்கும் துணி அலசுகிற தண்ணீரும் அந்தக் குழிக்குத்தான் வருகிறது.

"நல்லாக் கழுவினா போயிடாது?" என்றான்.

"கழுவினதுதான் இப்ப பிரச்சினையே." மூடியைப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை முழுக்கத் தொலைபேசி. ஊரிலிருந்த மீன் கடைகள் அத்தனையிலும் சேர்த்துப் பொடிமணல் ஆறு மூட்டை தேறியது. வேண்டியது நூறுக்கு மேல். மாலை வீட்டுக்குப் போனபோது அவள் கணவர் சமையலறை மேடையில் மூன்று பொட்டலங்களை வைத்துவிட்டுக் காத்திருந்தார். கட்டடங்களில் பூச்சு வேலை மேஸ்திரி. மத்தியானமே அவரிடம் சொல்லி வைத்திருந்தாள்.

"இது பளிங்குப் பொடி. இது சுண்ணாம்புக்கல் தூள். இது என்னன்னு எனக்கே தெரியல, நல்லா இருந்துச்சு, எடுத்துட்டு வந்தேன்."

"ஏங்க, தெரியாதத எதுக்கு எடுத்துட்டு வந்தீங்க?"

"உன்னக்கூட அப்படித்தானே கூட்டிட்டு வந்தேன். இருபத்தாறு வருஷம் ஆச்சு, இன்னும் தெரியல."

கல்லூரியில் படிக்கிற மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "ஒருத்தர் மனுஷனுக்குச் சுவர் பூசுறார். ஒருத்தங்க பாம்புக்கு வீடு கட்டுறாங்க. எனக்கு இந்த வீட்டுல ஒரு அலமாரி கேட்டு ரெண்டு வருஷம் ஆகுது."

"அது பாம்பு இல்லடி. விலாங்கு."

மணலக்கா பளிங்குப் பொடியில் வினிகர் விட்டாள். பொங்கியது. குவளையில் இட்டுக் குத்தினாள். துளை பன்னிரண்டு எண்ணும்வரை அசையவில்லை. கணவர் மீசையைத் தடவிக்கொண்டார். அவள் சட்டைக்கையைச் சுருட்டி, மணிக்கட்டின் உட்புறத் தோலில் அந்தப் பொடியை ஈரத்தோடு அழுத்தித் தேய்த்தாள். இருபது தடவை. விளக்கடியில் கையைப் பிடித்துப் பார்த்தாள். செதிலில்லாத மீன் நாத்து. தோல்தான் அதற்கு எல்லாம். மணிக்கட்டில் மெல்லிய சிவப்புக் கோடுகள் எழும்பியிருந்தன.

"உடைச்ச கல்லு. முனை இருக்கு," என்றாள்.

"கடல் மணலுக்கு முனை இருக்காதா?"

"அலை உருட்டி உருட்டி மழுங்கியிருக்கும். இதுக்கு யாரு உருட்டினா?"

சுண்ணாம்புத் தூளும் அப்படித்தான். மூன்றாவது பொங்கவே இல்லை. கணவர் பொட்டலங்களை மடித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப அதுங்க எதுக்குள்ள இருக்குதோ, அந்த மணலுக்கு என்ன குறை?" என்று கேட்டார்.

"எட்டு வருஷத்து மணல். அடியில கறுப்பா அழுகி இருக்கும். அதக் கிளறினா வர்ற விஷ வாடைக்கே பவளம் செத்துடும். எங்க வேலையில யாரும் பழைய அடிமணல எடுத்து வேற தொட்டியில போட மாட்டாங்க."

சொன்னாள். சொன்ன பிறகு சாப்பிட உட்கார்ந்தவள் பாதியில் எழுந்து ஒரு தாளில் கணக்குப் போட்டாள். பழைய தொட்டி ஏழடிக்கு மூன்றடி. மணல் ஓரடி ஆழம். பக்க அறையில் மூன்றில் ஒரு பங்கு நிறையும். முப்பத்தொன்றுக்கு நெருக்கம்தான், ஆனால் இடம் உண்டு. மீதியைக் கழுவிய மணலால் மெல்லியதாக மூடலாம். இரண்டும் கலக்காமல் நடுவில் ஓரடி உயரக் கண்ணாடிப் பட்டை.

புதன்கிழமை காலை லைட்டு இதைக் கேட்டதும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தான்.

"எட்டு வருஷச் சாக்கடையக் கொண்டாந்து என் பவளத்துக்குப் பக்கத்துல கொட்டப் போறீங்க."

"கடல்தண்ணியில கழுவித்தான் போடுவேன். நானே கழுவுவேன்."

"அக்கா, நாலு வருஷம். விரல்நுனி அளவு துண்டு துண்டா ஒட்டி வளத்தது. அதுல ஒண்ணு வெளுத்தா எனக்குத் தூக்கம் வராது. அறுநூறும் போச்சுன்னா?"

"ரெண்டு வால்வையும் மூடிடு. பக்க அறைக்குத் தனி ஃபில்டர் வைக்கிறேன். நீ சொல்ற வரைக்கும் திறக்க வேண்டாம். ஒரு மாசம் ஆனாலும் சரி."

"வால்வு கைப்பிடி என்கிட்ட இருக்கும்."

"கழட்டி வீட்டுக்கே எடுத்துட்டுப் போ."

அவன் உண்மையாகவே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு, "எத்தன மணிக்கு ஆரம்பிக்கணும்?" என்று கேட்டான்.

பழைய தொட்டியின் ஒழுகல் அன்று மாலை மணிக்கு இரண்டு வாளி ஆனது.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கினார்கள். மணலக்கா, லைட்டு, நெட்டையும் அவள் கூட்டாளியும். இதில் திரும்பிப் போக வழி கிடையாது. நாத்துகளை வெளியே எடுத்தால்தான் அவற்றின் மணலை எடுக்க முடியும். எடுத்த பிறகு மணல் சரிவராவிட்டால் அவற்றுக்கு இருக்க இடமில்லை. நீரைப் பாதிக்குக் குறைத்து, அகலமான குழாயால் மணலை மெல்ல உறிஞ்சினாள். துளைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நாத்து ஒவ்வொன்றும் வெளிச்சத்தில் வந்து சவுக்குநுனி போலத் துள்ளியது. மென்வலையால் அணைத்து எடுத்து, காற்றுக்குழாய் போட்ட ஐந்து மூடித் தொட்டிகளில் விட்டார்கள். இருபத்தேழாவது, குழாயின் விளிம்பில் சிக்கிக்கொண்டது. கையில் எடுத்தபோது உடம்பு இரண்டு இடத்தில் மடங்கியது. அவள் அதை ஈரத்துணியில் சுற்றி ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததற்குக் கையை விட்டாள். ஒன்பதரை மணிக்கு முப்பது.

பிறகு கறுப்பு மணல் வந்தது. அழுகிய முட்டை வாடை முற்றம் முழுக்கப் பரவியது. எதிர்க்கட்டடத்தில் ஜன்னல்கள் வரிசையாக மூடிக்கொண்டன.

"என் வீட்டுக்காரர் இன்னைக்கு என்னைப் பக்கத்துல சேர்க்க மாட்டார்," என்றாள் நெட்டை.

"மத்த நாள் சேர்க்கிறாராக்கும்," என்றாள் கூட்டாளி.

மணலக்காவுக்குச் சிரிக்க நேரமில்லை. வாளிக்கு மூன்று கை மணல், நிறையக் கடல்நீர், இரண்டு கையாலும் அடியிலிருந்து மேலே புரட்டல். கறுப்பு நீர் வழிந்தது. பிறகு சாம்பல். பிறகு மோர். நெட்டை தன் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்தத் தடவ எப்ப நிறுத்தணும்னு சொல்லுங்க. எழுதித் தராதீங்க."

மணலக்கா அவள் கையைப் பிடித்துத் தன் வாளிக்குள் வைத்தாள். "வாடை இருக்கா?"

"இல்ல."

"உள்ளங்கை ரேகை தெரியுதா?"

"மங்கலாத் தெரியுது."

"அவ்வளவுதான். இதுக்கு மேல ஒரு கலக்குக் கலக்கினா வீணாயிடும்."

மாலை நான்கரை மணிக்குக் கடைசி வாளி விழுந்தது. தோள்பட்டை அவளுடையதாகவே இல்லை. பக்க அறையில், கண்ணாடிப் பட்டைக்கு இடப்புறம், பழைய மணல் ஓரடி ஆழத்துக்குச் சமமாக உட்கார்ந்தது. நீர் ஏற்றினார்கள். பென்சில் ஆறு எண்ணும்வரை நின்றது. ஒன்பது இல்லை. ஆறு.

லைட்டு சோதனைக்குழாயில் நீரெடுத்து மருந்துத்துளி விட்டான். அமோனியா இல்லையென்றால் மஞ்சள், இருந்தால் பச்சை. ஐந்து நிமிடம் இருவரும் குழாயையே பார்த்தார்கள். மஞ்சள் மெல்ல, வேண்டாத விருந்தாளி மாதிரி, இளம்பச்சைக்கு வந்தது.

"இதுல விட்டா செவுள் எரியும்," என்றான்.

"தெரியும்."

தொட்டிகளில் நாத்துகள் ஏழு மணி நேரமாக இருந்தன. இரண்டாம் தொட்டியில் மூடி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பக்க அறையின் நீர் முழுவதையும் வெளியேற்றி மறுபடி நிரப்ப, சேமிப்பில் ஒரே ஒரு தடவைக்குத்தான் கடல்நீர் இருந்தது. அது பவளத்தொட்டியின் அவசரத்துக்கு என்று அவன் எடுத்து வைத்தது. அவள் கேட்கவில்லை. அவனைப் பார்க்கவும் இல்லை. சோதனைக்குழாயைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா பேசாம நிக்கறீங்க. பம்பைப் போடுங்க," என்றான் லைட்டு.

ஆறேமுக்காலுக்கு இரண்டாவது சோதனை மஞ்சளில் நின்றது. ஏழு மணிக்கு முதல் நாத்தை விட்டாள். அது மணல்மேல் நீளமாகக் கிடந்தது. வால்நுனி மட்டும் இங்கும் அங்கும் தொட்டுப் பார்த்தது. பிறகு வால் உள்ளே இறங்கியது. ஒரு சாண். இரண்டு சாண். தலையும் போய் மணல் மூடிக்கொண்டது. துளை விழுந்ததா, உள்ளே நிற்கிறதா என்று மேலிருந்து தெரியவில்லை. இரண்டாவது இறங்கியது. மூன்றாவது. இருபத்தாறு இறங்கின. நான்கு கண்ணாடிப் பட்டையைத் தாண்டி, கழுவிய மணலின் பக்கம் போய் வாலைக் குத்திக் குத்திப் பார்த்தன. ஒவ்வொரு முறையும் மணல் சரிந்தது. அவள் தோள்வரை கையை விட்டு ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு அடங்கின. இரண்டு அடங்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அந்த இரண்டும் அடியில் அசையாமல் கிடந்தன. மற்றபடி வெறும் மணல். ஒரு தலைகூட இல்லை. தீனி போட்டாள், அது நீரோட்டத்தில் சுற்றி ஃபில்டருக்குள் போனது.

சனிக்கிழமை மேலாளர் வந்து பக்க அறையின் கறுப்புத் திரையைப் பார்த்தார். "இது மூடியே இருக்கணுமா? அழைப்பிதழ்ல படம் போட்டிருக்கோம்."

"திறந்தா ரெண்டாயிரம் பேர் கண்ணாடியத் தட்டுவாங்க மேடம். அதுங்க இன்னும் வெளியவே வரல."

"உள்ள இருக்குதா?"

"இருக்கணும்."

மேலாளர் விலகியிருந்த திரை ஓரத்தை இழுத்து விட்டார். "திரை இருக்கட்டும். கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

கூட்டம் வந்தது. அறுநூறு பவளத்தையும் அடியில் பரந்த வெள்ளை மணலையும் பார்த்து வாயைப் பிளந்தது. லைட்டு புதுச் சட்டையில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். மணலக்கா திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமை மூன்று வேளை தீனி. ஞாயிற்றுக்கிழமை மூன்று வேளை. தலை இல்லை. மணலைக் கிளறிப் பார்த்தால் தெரிந்துவிடும். கிளறினால் துளை போய்விடும். கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்காவது நாள் நெருங்க நெருங்க, மூக்கு தானாக நீரின் வாடையைப் பிடித்துப் பார்த்தது.

திங்கள்கிழமை காலை பத்து மணிக்குத் தீனி விட்டாள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத இறால் குஞ்சுகள், மேகம் போல நீரில் பரவின. பட்டைக்கு அருகில் மணலில் ஒரு குழிவு விழுந்தது. அதிலிருந்து இரண்டு கண்கள், பிறகு ஒரு விரல் நீளக் கழுத்து. அது ஒரு குஞ்சைக் கொத்தியது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பிறகு ஒரே சமயத்தில் ஐந்தாறு.

லைட்டு திரையை விலக்கிக்கொண்டு வந்தான். அவள் உதட்டில் விரலை வைத்தாள். இருவரும் விரல்விட்டு எண்ணினார்கள். அவனுக்கு இருபத்தாறு வந்தது, அவளுக்கு இருபத்தேழு. மறுபடி எண்ணினார்கள். இருபத்தேழு. இருக்க வேண்டியது இருபத்தெட்டு.

"ஒண்ணு தூங்குதோ என்னவோ," என்று மெதுவாகச் சொன்னான்.

"இருக்கலாம்."

அவன் சோதனைக்குழாயை எடுத்தான். மஞ்சள். இன்னும் மூன்று நாள் இப்படியே நின்றால் வால்வைத் திறப்பதைப் பற்றிப் பார்க்கலாம் என்றான். அவள் தலையாட்டிவிட்டு, கதவுப்பக்கம் தொங்கிய பலகையில் தேதியும் நேரமும் இருபத்தேழும் எழுதினாள்.

அடுத்த தீனி பிற்பகல் மூன்று மணிக்கு.